தெருமுனை வரைக்கும் ஒரு மெட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் எங்கள் அண்ணனின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பல் தேய்த்தவர்கள். மீதிப் பேர் அந்தப் பாட்டுக்காகவே பல வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இரண்டு கூட்டமும் இன்று அவருடைய ஓராண்டு நினைவுப் பூசைக்கு ஒரே மாதா கோவிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காக முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

மலர் அச்சடிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டவர் அண்ணியின் தம்பி. என்னிடம் கட்டுரை கேட்க வந்தபோதே, "யக்கா, நல்லதா மட்டும் எய்து. அந்தப் பல்பொடி சமாச்சாரம் வாணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நல்லதை மட்டும் எழுதினால் அது அண்ணனாக இருக்காது. அதுவும் ஒரு பல்பொடி விளம்பரமாகத்தான் இருக்கும். ஆகவே தம்பி என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது இராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கும் எங்கள் தெருவில். எங்கள் தந்தையாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அதோடு ஒரு பேண்டுக் குழுவும் வைத்திருந்தார். தேர்த் திருவிழாவா, கல்யாணமா, சாவா, எதுவானாலும் ஆட்கள் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். நைனா வேலைக்குப் போன நேரம் பார்த்து அவருடைய கிளாரினெட்டை எடுத்துத் திருட்டுத்தனமாக ஊதி ஊதியே அண்ணன் வாசிக்கக் கற்றுக்கொண்டார். தெருவுக்கே அது தெரியும். நைனாவுக்கும் தெரியும்.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார்கள். அன்று சவப்பெட்டியைத் தூக்கியதும் பேண்டு ஆட்கள் வழக்கமான கோவில் பாட்டை எடுக்கக் காத்திருந்தார்களாம். நைனா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு மெட்டை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் தனியாக வாசித்துக்கொண்டே நடந்திருக்கிறார். முனை திரும்பிய பிறகுதான் கோவில் பாட்டு. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டிலெல்லாம், "எங்க ஆளுக்கும் அப்டி ஒண்ணு வாசிப்பா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நைனா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒருவருக்கு வாசித்த வாசல் மெட்டு அவருடையது. அதை அப்புறம் எங்கேயும், யாருக்காகவும் வாசிக்கக் கூடாது. தெரு அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டது. நைனாவுக்கு வயதாக ஆக, மெட்டுக் கட்டும் வேலை அண்ணன் கைக்கு வந்தது. பெட்டி அருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், வீட்டார் பேசுவதைக் கேட்பார், எழுந்து வந்து வாசிப்பார். முழுசாக ஒரு மெட்டு வந்து நிற்கும்.

அம்மாவின் மெட்டு அண்ணனுக்கு நினைவிருந்தது. எனக்கு எப்படி இருக்கும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முணுமுணுத்துக் காட்டச் சொல்லி அவரை நான் பிடுங்கி எடுத்திருக்கிறேன். "அது அம்மாவோடது. உனுக்கு இன்னாத்துக்கு?" என்பார். அவ்வளவு கறாரான மனிதர்தான் நான் பின்னால் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தார். அதனால்தான் எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

எங்கள் எதிர் வீடு பிலோமினா அத்தை வீடு. அத்தை மீன் விற்பவர். அவருடைய ஒரே மகன் சவரி, அண்ணனுக்குத் தோஸ்து. சவரி கடலுக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே ஒரு விசில் அடிப்பான். இழுத்து, வளைத்து, கடைசியில் ஒரு சுழி சுழித்து அடிப்பான். அது காதில் விழுந்ததும் அத்தை அடுப்பில் உலை வைப்பார். அவன் வலையைக் காயப்போட்டுவிட்டுக் கை கால் கழுவி வருவதற்குள் சோறு தயாராக இருக்கும். காசிமேட்டுக்கு நேரே கட்டுமரம் கவிழ்ந்து சவரியின் உடல்தான் கரைக்கு வந்தது. அவனுக்கு அண்ணன் வாசித்த வாசல் மெட்டு அந்த விசிலிலிருந்துதான் ஆரம்பித்தது. வாசலிலிருந்து முனை வரைக்கும் விசிலை நீட்டி நீட்டி, அழ வைத்து அனுப்பினார். அண்ணன் வாசித்ததிலேயே அதுதான் உயர்ந்தது. இதை நான் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. தெருவில் எவரையும் கேளுங்கள்.

இனி அண்ணனின் தொழில். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் அவர் வேலைக்கு இருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் வந்தால் கல்யாணம் கிடையாது, பேண்டும் சுருண்டு மூலையில் கிடக்கும். அப்படி ஒரு தவசுக்காலத்தில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. சரக்கு ரயில் போய் முடியும் வரை எத்தனை ஜனம் சும்மா நிற்கிறது! வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னார்: "கேட்டு மூடிக்கினா ஜனம் எங்க ஓடும் நைனா? கம்முனு நின்னு நம்ம பாட்ட கேட்டுதானே ஆவணும்!"

மறு வாரமே ஒரு மீன்பாடி வண்டியில் ஆர்மோனியமும் ஒலிபெருக்கியும் ஏறிவிட்டன. குடைக் கடை, தையல் கடை, சோடாக் கடை என்று ஆளுக்கொரு பாட்டு. கேட் இறங்கியதும் ஆரம்பித்து, தூக்கும்போது கடைப் பெயர் வந்து விழ வேண்டும். ரயில் எவ்வளவு நீளம் என்பதைக் கேட்காரரிடம் விசாரித்துப் பாட்டின் அடியைக் கூட்டுவார், குறைப்பார். எண்ணூர்ப் பக்கம் சங்கு ஊதித் தொழிலாளிகள் வெளியே வரும் வாசல்களிலும் வண்டி நிற்கும். பாட வந்த கோவில் பாடகர் குழுப் பெண்தான் பிறகு எங்கள் அண்ணியானார். வண்டியில் மீன் நாற்றம் போகவே போகாது. வாசனைச் சோப்புக்குப் பாடும்போதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாடியதாக அண்ணி இன்றும் சொல்வார். நைனா வெளியே, "கத்திரிக்கா விக்கிறாப்பல பாட்டு விக்கிறான்" என்று முனகுவார். ஆனால் வண்டி வரும் நேரத்துக்குக் கேட் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார்.

தொழில் பிடித்துக்கொண்டது. அண்ணன் தொழிற்சாலை வேலையை விட்டார். தையல் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, விளம்பரப் பாட்டு எழுதி மெட்டமைத்துப் பாடித் தரப்படும் என்று பலகை மாட்டினார். எங்கள் வட்டாரத்தில் அதுவரை யாரும் இப்படி ஒரு தொழில் செய்து கேள்விப்பட்டதில்லை. ரேடியோவிலும் விளம்பரம் வர ஆரம்பித்த காலம் அது. அப்போதுதான் நகரத்தின் மறு பக்கத்திலிருந்து ஒரு பல்பொடிக் கம்பெனி முதலாளி படியேறி வந்தார்.

இசைத்தட்டில் பதிவு செய்து ஊர் முழுக்கப் போடப்போகிற பாட்டு. அண்ணன் இராப்பகலாக உட்கார்ந்தார். முதலாளியோ கொடுத்த மெட்டையெல்லாம் தள்ளினார். "கேட்டா ஆளு திரும்பிப் பாக்கணும்பா" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு மெட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. "தேய்ச்சுக்கோ தங்கச்சி, சிரிச்சுக்கோ தங்கச்சி" என்று துள்ளிக்கொண்டு போகும் பாட்டு. பாட்டுக்கு முன்னால் ஒரு விசில். அந்தத் தங்கச்சி நான்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அப்போது மெட்டை நான் கேட்டிருக்கவில்லை.

இசைத்தட்டு கைக்கு வந்ததும், அது முதலில் எங்கள் தெருவில்தான் ஒலிக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. வண்டியைக் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்தினார். சவரி நின்று விசிலடிக்கும் அதே முனை. நானும் நைனாவும் வாசலுக்கு வந்தோம். ஒலிபெருக்கியில் விசில் கிளம்பியது. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அது சவரியின் விசில், சவரியின் மெட்டு. எதிர் வீட்டிலிருந்து பிலோமினா அத்தை அரிசி களைந்த ஈரக் கையோடு வெளியே வந்தார். செருப்புகூடப் போடாமல் நேரே முனைக்கு நடந்தார்.

"யார்ரா விசிலடிச்சது?"

தட்டு முடிந்து, வண்டியிலிருந்த ஆள் விவரம் புரியாமல் மறுபடியும் வைத்தார். மறுபடியும் விசில். அத்தை அண்ணனைப் பார்த்துச் சொன்னது இது. மறக்க எவ்வளவோ முயன்றும் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

"ஒல வெச்சிட்டு வந்துக்கிறேன்டா நான். எங்கியோ விசிலு கேக்குது, எங் கை தானா போயி ஒல வெக்கிது. புள்ள வந்துட்டான்னு நெனச்சிக்கினேன்டா. நீ இத்த வெச்சிக்கினு பல்பொடி விக்கிறியா?"

"அத்தே..."

"அத்தேன்னு சொல்லாத. எம் புள்ள பாட்ட குடு. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். அத்த திருப்பிக் குடுத்துடு."

அண்ணன் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதைத் திருப்பிக் கொடுப்பார்? வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டது ஒரே கேள்வி. "தெரிஞ்சா செஞ்ச?"

அண்ணன் பொய் சொல்லி அறியாதவர். அன்றும் சொல்லவில்லை. "தெரியும் நைனா. மொத அடி வாசிக்கறப்பவே தெரியும். நல்லா இருந்துச்சி. வுட மனசு வர்ல."

நைனா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "இனிமே எந்த வூட்டு வாசல்லயும் நீ வாசிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாளே அண்ணன் கம்பெனிக்கு ஓடினார். வேறு மெட்டு சும்மாவே போட்டுத் தருகிறேன், இதைக் கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடினார். "வித்தது வித்ததுதாம்பா. ஆளு திரும்பிப் பாக்குதே!" என்று சிரித்து அனுப்பிவிட்டார் முதலாளி. அந்த ஆளுக்கு அண்ணன் பிறகு ஒரு பாட்டும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் என்ன? இருந்த ஒன்றே போதுமாக இருந்தது. கொட்டகையில் படத்துக்கு முன்னால் அதுதான், ரேடியோவில் அதுதான். எங்கள் தெருக் குழந்தைகளே பாடிக்கொண்டு ஓடும். அப்போதெல்லாம் எதிர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அண்ணன் அந்த வாசலைக் கடக்க முடியாமல் ரயில் பாதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

வெளியே பார்த்தவர்களுக்கு அவர் நன்றாக வாழ்ந்ததாகத்தான் தெரியும். புதுத் தொழிற்சாலைகள் வந்தன, பெரிய கடைகள் வந்தன, மாடி அறை பாடுகிறவர்களால் நிறைந்தது. உள்ளே இருந்த பயம் எங்களுக்குத்தான் தெரியும். புதிதாக ஒரு மெட்டுப் போட்டால், முதலில் நைனா பேண்டில் டிரம் வாசித்த அந்தோணி மாமாவிடம் போய் வாசித்துக் காட்டுவார். "மாமா, இது யாரோடதுனா கீதா?" என்று கேட்பார். மாமா யோசித்து, "இல்லப்பா, புச்சுதான்" என்று சொன்னாலும் நம்ப மாட்டார். சுமாரான மெட்டைக் கொடுத்து அனுப்புவார். அருமையான மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நான் சண்டை போட்டபோது சொன்னார்: "நல்லா இருந்தா பயமா கீதும்மா." இப்படி இருந்தால் தொழில் எத்தனை நாள் ஓடும்? அவரைப் பார்த்து ஆரம்பித்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

நைனா இறந்த அன்றுதான் எங்களுக்கு மிகக் கொடுமையான நாள். பெட்டியைத் தூக்கியாயிற்று. பேண்டு ஆட்கள் எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அந்தோணி மாமா நைனாவின் கிளாரினெட்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "வாசிப்பா. உங்கப்பனுக்குத்தானே, யாரு இன்னா சொல்லப்போறாங்க?" என்றார். அண்ணன் அதை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டாரே தவிர, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எந்த வாசலிலும் வாசிக்காதே என்று சொன்னவரே பெட்டிக்குள் இருக்கிறார். அவர் சொல்லை அவர் வாசலிலேயே எப்படி மீறுவது? ஊருக்கெல்லாம் மெட்டுக் கொடுத்த மனிதரை நாங்கள் ஊமையாகத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனோம். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அன்று அண்ணன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. நைனாமேலும் வந்தது. இதை எழுதும்போதும் யார்மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை.

நைனாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, சவரிக்கென்று புதிதாக ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு அண்ணன் பிலோமினா அத்தை வாசலுக்குப் போனார். கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை, வாயால் பாடிக் காட்டுவதாகத்தான் எண்ணம். நானும் துணைக்குப் போனேன். அவர் பேசி முடிக்கும் வரை அத்தை கேட்டுக்கொண்டார். பிறகு, "செத்தவனுக்கு ரெண்டாவது பேரு வெப்பியா நீ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கதவை அறையக்கூட இல்லை. அறைந்திருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் மாடி அறை போயிற்று. மிஞ்சியது பழைய வண்டியும் ஆர்மோனியமும்தான். சலிக்காமல் அதையே தள்ளிக்கொண்டு கேட் கேட்டாகப் போனார். நெஞ்சில் சளி கட்டி, இருமலில் தொடங்கி, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அண்ணி அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கடைசி நாட்களில் ஒருநாள் நான் பழைய பிடிவாதத்தோடு, "அம்மா மெட்ட இப்பவாவது சொல்லு அண்ணா, உன்னோட போயிடும்" என்று கேட்டேன். தலையை அசைத்து மறுத்துவிட்டார். "போவட்டும். அதுனா ஒயுங்கா போவட்டும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனுக்கு ஒண்ணும் வாசிக்க வாணாம்னு சொல்லிடு" என்றும் சொன்னார். அந்தக் கறார் திரும்ப வந்திருந்தது. நான் வெளியே வந்து அழுதேன்.

அவர் சொன்னபடியே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர் போன அன்று பேண்டு ஆட்கள் சீருடையோடு வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். கருவிகளைத் தூக்கவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். சாமியார் செபம் சொல்லி முடித்தார், பெட்டி வாசலுக்கு வந்தது. நைனாவுக்கு நடந்ததே இவருக்கும் நடக்கப்போகிறது என்று நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பிலோமினா அத்தை தெருவைக் கடந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். மூடாத பெட்டியில் அண்ணன் முகத்தை வெகு நேரம் பார்த்தார். தூக்கியவர்களுக்குக் கை வலித்திருக்கும். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. பிறகு அத்தை பேண்டு ஆட்களைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னாத்துக்குடா கம்முனு நிக்கிறீங்க? எம் புள்ள பாட்ட எடுங்க."

அந்தோணி மாமா தயங்கினார். "அது சவரியோடதாச்சே பிலோமினா."

"எம் புள்ளயுதுதான். நான் சொல்றேன், எடுங்க. இவன் அத்த ஓட வுட்டான். நீங்க நடக்க வுட்டு இட்டுகினு வாங்க."

கிளாரினெட்காரர் புது ஆள். சவரியின் சாவைப் பார்த்தவரல்ல. ஆனால் அந்த மெட்டைத் தெரியாதவர் ஊரில் யார்? பல்பொடிக் கம்பெனி எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். அவர் மெதுவாக எடுத்தார். விசில் நீண்டு, வளைந்து, கடைசியில் சுழித்தது. எத்தனையோ வருடம் துள்ளித் துள்ளிக் கெட்டுப்போயிருந்த மெட்டு, பழையபடி அழுதுகொண்டு நடந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை "தேய்ச்சுக்கோ தங்கச்சி" என்று கூடவே பாட ஆரம்பிக்க, அதன் தாய் வாயைப் பொத்தினார். தங்கச்சியாகிய நான் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அத்தை பெட்டியின் பக்கத்திலேயே வந்தார், அழவில்லை.

தெருமுனை வந்தது. அத்தை கையைத் தூக்கினார். "போதும்" என்றார். "இதோட அது எம் புள்ளயுது." பேண்டு நின்றது. அவர் கல்லறை வரைக்கும் வரவில்லை. அங்கிருந்தே திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அண்ணனின் நோயிலும் சாவிலும் எங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆஸ்பத்திரிக்கு வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கூப்பிடாமலே வந்து நின்ற பேண்டுக் குழுவுக்கும், அண்ணனின் வண்டி கடைசியாகப் போன அன்று கொருக்குப்பேட்டையில் இறங்கிய கேட்டை ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் தூக்காமல் வைத்திருந்து அவருடைய பாட்டை முழுசாகக் கேட்ட அந்தக் கேட்காரருக்கும் நன்றி. கையில் பல்பொடியோடு அந்தப் பாட்டைப் பாடிய உங்களுக்கும் நன்றிதான். உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இன்று பூசை முடிந்ததும் எல்லோரும் கல்லறைக்குப் போவோம். பேண்டும் வருகிறது. கோவில் பாட்டு வாசிப்பார்கள். அந்த மெட்டை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டுவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அது எங்கள் அண்ணனுடையது அல்ல. எதிர் வீட்டுப் பிலோமினா அத்தை தெருமுனை வரைக்கும் கொடுத்தார்; முனையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.